வண்டிக்கு அடியில் இருக்கும் மனிதர்: ராபர்ட் ஹூக்



இந்த இதழில் 300 வருஷத்துக்கு முன்னாடி இறந்துபோன ஒரு பெரியவரின் கதையைச் சொல்லப் போறேன். ஆனா அதுக்கு முன்னாடி நீங்க என்னோட ஒரு பிக்கப் வண்டிக்கு அடியில் வந்து கொஞ்ச நேரம் படுக்கணும். சட்டை அழுக்காகும், பரவாயில்லை. மெக்கானிக்கல் படிக்கிறவங்களுக்கு அது ஒண்ணும் புதுசு இல்லையே.

யூடியூப்பில் நீங்க பார்த்திருப்பீங்க. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பிக்கப் வண்டி வாங்கினதும் பலர் செய்யும் முதல் வேலை, வண்டியை 2 அங்குலமோ 4 அங்குலமோ உயர்த்துவது. பாறை மேலே ஏறும்போது அடிப்பாகம் தட்டக் கூடாது, பெரிய டயர் போடணும். அதுக்காக ஒரு பெட்டியில் வரும் சாமான்களுக்குப் பேர் லிஃப்ட் கிட். பெட்டியைத் திறந்தா உள்ளே பெருசா ஒண்ணும் இருக்காது. முன்பக்கத்துக்கு ரெண்டு ஸ்பேசர் அல்லது உயரமான காயில் ஸ்பிரிங். பின்பக்கத்துக்கு லீஃப் ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவே வைக்க இரும்புக் கட்டைகள், நீளமான யூ போல்ட்டுகள். நல்ல கிட்டா இருந்தா நீளமான ஷாக் அப்சார்பரும் சேர்ந்து வரும்.

வேலை எளிதாத்தான் தெரியும். வண்டியை ஜாக்கில் தூக்கி, சேசிஸை ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றி, ஷாக்கை அவிழ்த்து, கட்டையைச் செருகி, யூ போல்ட்டை டார்க் ரெஞ்சில் முறுக்கினா முடிஞ்சது. சந்தோஷமா ஓட்டிக்கிட்டுப் போவீங்க. 60, 70 கிலோமீட்டர் வேகம் வந்ததும் வண்டிக்கு அடியிலிருந்து ஓர் உதறல் ஆரம்பிக்கும். நேற்று வரைக்கும் இல்லாத உதறல்.

எங்கிருந்து வருது? திரும்பவும் அடியில் படுத்துப் பாருங்க. ரெண்டு பொருள் கண்ணில் படும். ஒண்ணு, நீங்க மாற்றியமைத்த ஸ்பிரிங். இன்னொண்ணு, நீங்க தொடவே தொடாத புரொப்பெல்லர் ஷாஃப்ட். அதன் ரெண்டு முனையிலும் இருக்கும் யூஜே கிராஸ். ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கும் என்ற கணக்கும், சாய்வான தண்டுக்குச் சுழற்சியைக் கடத்தும் அந்த மூட்டும் ஒரே மனிதரின் பெயரில் இருக்கின்றன. முதலாவது ஹூக்ஸ் லா. ரெண்டாவது ஹூக்ஸ் ஜாயின்ட். அவர்தான் நம்ம கதாநாயகன்.

மரத்தில் கடிகாரம் செய்த பையன்

இங்கிலாந்தின் தெற்கே ஐல் ஆஃப் வைட் என்று ஒரு தீவு. அங்கே ஃப்ரெஷ்வாட்டர் என்ற ஊரில் 1635 ஜூலையில் ராபர்ட் ஹூக் பிறந்தார். அப்பா தேவாலயத்தில் ஊழியம் செய்தவர். பையன் நோஞ்சான். பிழைப்பானா என்பதே சந்தேகமாக இருந்ததால் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வளர்த்தார்கள். அவனோ கையில் கிடைத்ததை எல்லாம் பிரித்துப் பார்த்தான். ஒரு பித்தளைக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மரத்தில் அதே மாதிரி ஒன்று செய்தான். அது ஓடவும் செய்தது. பொம்மையைப் பிரிச்சுப் போட்டு அம்மாகிட்டே திட்டு வாங்கின நம்மில் பலருக்கு இந்தப் பையனை உடனே பிடிச்சுப் போகும்.

13 வயதில் அப்பா இறந்தார். கொஞ்சம் பணத்தோடு பையன் லண்டனுக்கு வந்தான். முதலில் பீட்டர் லெலி என்ற பெரிய ஓவியரிடம் பழகினான், அது நிலைக்கவில்லை. பிறகு வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியில் ரிச்சர்ட் பஸ்பி என்ற ஆசிரியர் அவனைச் சேர்த்துக்கொண்டார். யூக்ளிடின் முதல் ஆறு புத்தகங்களை ஒரே வாரத்தில் படித்து முடித்தான் என்று பின்னாளில் பேசிக்கொண்டார்கள். பருவ வயதில் முதுகு கூன ஆரம்பித்தது. அந்தக் கூன் கடைசிவரை போகவில்லை.

1653ல் ஆக்ஸ்ஃபோர்டு. அங்கே பணக்கார விஞ்ஞானி ராபர்ட் பாயிலுக்கு உதவியாளர் ஆனார். பாயிலுக்கு ஒரு காற்றுப் பம்ப் தேவைப்பட்டது. அதை வேலை செய்ய வைத்தவர் ஹூக். அந்தப் பம்ப்பை வைத்து நடந்த சோதனைகளின் தொடர்ச்சியாக 1662ல் வெளியானதுதான் நாம பிளஸ் ஒன்னில் படிச்ச பாயில் விதி. கருவியைச் செய்தது ஒருத்தர், பேர் நின்றது இன்னொருத்தருக்கு. அந்தக் காலத்து உதவியாளர் நிலைமை அப்படித்தான். இருந்தாலும் பாயில் கடைசிவரை ஹூக்கை மதித்தவர் என்பதையும் சொல்லணும்.

வாரா வாரம் லேப்

1662 நவம்பரில் லண்டன் ராயல் சொசைட்டி ஹூக்கை சோதனைப் பொறுப்பாளராக நியமித்தது. வேலை என்ன தெரியுமா? ஒவ்வொரு வாரக் கூட்டத்துக்கும் மூன்று நான்கு புதிய சோதனைகளைத் தயார் செய்து எல்லார் முன்னாலும் காட்டணும். ஆரம்பத்தில் சம்பளமும் இல்லை. ஒரு செமஸ்டருக்குப் பத்து எக்ஸ்பெரிமென்ட் செய்யவே நாம படும் பாடு நமக்குத் தெரியும். இந்த மனிதர் வருஷக்கணக்கில் அதைச் செய்தார்.

1665ல் மைக்ரோகிராஃபியா என்ற புத்தகத்தை வெளியிட்டார். நுண்ணோக்கியில் பார்த்த ஈயின் கண்ணையும் தெள்ளுப்பூச்சியையும் பெரிய பெரிய படங்களாக வரைந்திருந்தார். லெலியிடம் பழகின கை வீண்போகவில்லை. கார்க் துண்டில் தெரிந்த சின்னச் சின்ன அறைகளுக்கு அவர் வைத்த பேர் செல். இன்றைக்கும் உயிரியல் முழுக்க அந்தச் சொல்தான் ஓடுகிறது.

அதே 1665ல் நடந்த ஒரு விஷயம் நம்ம பிக்கப்புக்கு நெருக்கமானது. மே 1ஆம் தேதி ராயல் சொசைட்டிக்காரர்கள் சிலர் கர்னல் பிளவுன்ட் என்பவர் வீட்டுக்குப் போனார்கள். எதுக்கு? குலுக்கல் இல்லாத குதிரை வண்டி செய்ய முடியுமா என்று ஓட்டிப் பார்க்க. கூட்டத்தில் ஹூக்கும் இருந்தார், நாட்குறிப்பு எழுதிப் புகழ்பெற்ற சாமுவேல் பீப்ஸும் இருந்தார். பல அமைப்புகளை மாற்றி மாற்றி ஓட்டினார்கள். வண்டியின் உடல் முழுவதையும் ஒரே நீளமான ஸ்பிரிங் தாங்கிய அமைப்புதான் மிகவும் சுகமாக இருந்ததாக பீப்ஸ் குறித்து வைத்தார். யோசிச்சுப் பாருங்க, சஸ்பென்ஷன் டெஸ்ட் டிரைவ் ஒன்று 1665லேயே நடந்திருக்கு! அந்த வருஷம் லண்டனில் கொள்ளைநோய் பரவி எல்லாரும் ஊரை விட்டு ஓடினபோதும் ஹூக் எப்சம் பக்கம் ஒரு மாளிகையில் நண்பர்களோடு தங்கி வண்டிகளைத்தான் குடைந்துகொண்டிருந்தார்.

அடுத்த வருஷம், 1666 செப்டம்பரில், லண்டன் தீப்பிடித்து எரிந்தது. நகரத்தைத் திரும்பக் கட்ட நிலம் அளக்கும் பொறுப்பு வந்தவர்களில் ஹூக்கும் ஒருவர். எரிந்த வீதிகளில் கல் நட்டு எல்லை குறித்தார். கிறிஸ்டஃபர் ரென்னோடு சேர்ந்து தீயின் நினைவாக 202 அடி உயரத் தூணைக் கட்டினார். அந்தத் தூணையே ஒரு பெரிய தொலைநோக்கியாகவும் பயன்படுத்தத் திட்டம் இருந்தது. தெருவில் போகும் வண்டிகளின் அதிர்வு அதைக் கெடுத்துவிட்டதாகச் சொல்கிறார்கள். அதிர்வு அவரை எங்கே போனாலும் விடவில்லை பாருங்க.

கட்டத்துக்குள் ஒளித்து வைத்த விதி

இப்போ ஸ்பிரிங்குக்கு வருவோம்.

1676ல் வெளியிட்ட ஒரு புத்தகத்தின் கடைசியில் ஹூக் 14 எழுத்துகளை அகர வரிசையில் அடுக்கி வைத்தார். அர்த்தமே இல்லாத வரிசை. எழுத்துகளைச் சரியாகக் கலைத்துப் போட்டால் ஒரு லத்தீன் வாக்கியம் வரும். எதுக்கு இந்த விளையாட்டு? கண்டுபிடித்துவிட்டேன் என்று தேதியோடு பதிவாகணும், ஆனா மற்றவர்கள் எடுத்துக்கொள்ளவும் கூடாது. அந்தக் காலத்து பேட்டன்ட் தந்திரம் அது.

அப்படிப் பயப்படக் காரணம் இருந்தது. 1675ல் ஹாலந்தின் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் சுருள் ஸ்பிரிங் வைத்த கடிகார அமைப்பை அறிவித்தார். அது தனக்கு முன்பே தோன்றிய யோசனை என்றார் ஹூக். பழைய பதிவுகள் அவர் ஸ்பிரிங்கை வைத்து முயன்றதைக் காட்டுகின்றன. ஆனால் வேலை செய்யும் கடிகாரத்தை அவர் அப்போதே வெளியே காட்டவில்லை. பிறகு டாம்பியன் என்ற கைதேர்ந்த கடிகாரக்காரரை வைத்து அவசர அவசரமாக ஒன்று செய்து மன்னருக்குக் கொடுத்தார். அதற்குள் பேர் ஹைகன்ஸுக்குப் போய்விட்டது.

1678ல் புதிரை அவரே அவிழ்த்தார். விஷயம் இதுதான்: ஸ்பிரிங்கை எவ்வளவு விசையோடு இழுக்கிறோமோ அந்த அளவுக்கு அது நீளும். இரண்டு மடங்கு எடை, இரண்டு மடங்கு நீட்சி. சுருள் கம்பி, கடிகார ஸ்பிரிங், உத்தரத்திலிருந்து தொங்கவிட்ட 20, 30, 40 அடி நீள நேர் கம்பி என்று எல்லாவற்றிலும் சோதித்துப் பார்க்கும் முறையை எழுதினார். யார் வேண்டுமானாலும் வீட்டிலேயே தராசுத் தட்டைக் கட்டிப் பார்க்கலாம். நாம மெட்டீரியல் டெஸ்டிங் லேபில் செய்யும் டென்சைல் டெஸ்டின் பாட்டன் அது.

இதை வண்டிக்குப் போட்டுப் பாருங்க. ஒரு சக்கரத்துக்கு நேர் மேலே ஒரு காயில் ஸ்பிரிங். அதன் மேல் 4500 நியூட்டன் பாரம். ஸ்பிரிங்கின் விறைப்பு மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன் என்றால் 150 மில்லிமீட்டர் அமுங்கும். வண்டியை 50 மில்லிமீட்டர் உயர்த்த ரெண்டு வழி. ஒண்ணு, அதே நீளத்தில் 45 நியூட்டன் விறைப்புள்ள ஸ்பிரிங் போடுங்க. 100 மில்லிமீட்டர்தான் அமுங்கும், வண்டி 50 உயரும். ஆனா துள்ளும் அதிர்வெண் ஏறத்தாழ 1.3 ஹெர்ட்ஸிலிருந்து 1.6 ஹெர்ட்ஸுக்குப் போயிடும். அதாவது வண்டி கல்லு மாதிரி ஆகும், குழி ஒவ்வொண்ணும் முதுகில் தெரியும். ரெண்டாவது வழி, பழைய ஸ்பிரிங்கோடு 50 மில்லிமீட்டர் ஸ்பேசர். அமுக்கம் மாறாது, விறைப்பு மாறாது, உயரம் மட்டும் கூடும்.

இதில் ஒரு கண்ணி இருக்கு. முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள பிக்கப்பில் ஸ்பிரிங் சக்கரத்துக்கு நேர் மேலே இல்லை, கீழ் ஆர்மின் நடுவில் எங்கேயோ உட்கார்ந்திருக்கும். அதனால் ஸ்ட்ரட்டின் தலையில் வைக்கும் 1 அங்குல ஸ்பேசர் சக்கரத்தில் ஏறத்தாழ 2 அங்குலமாகத் தெரியும். நெம்புகோல் கணக்கு. இது தெரியாமல் 2 அங்குல உயரம் வேணும்னு 2 அங்குல ஸ்பேசர் வைத்தால் பால் ஜாயின்ட்டும் சிவி ஆக்சிலும் தாங்காத கோணத்துக்குப் போய் நிற்கும்.

உதறலின் விடை

இனி அந்த உதறல். 1676 புத்தகத்திலேயே ஹூக் ஒரு மூட்டைப் பற்றியும் விளக்கினார். ரெண்டு கவை, நடுவே ஒரு சிலுவை. ஒரு தண்டு சுழன்றால் அதற்குச் சாய்வாக இருக்கும் இன்னொரு தண்டும் சுழலும். அவர் அதை யோசித்தது வண்டிக்காக இல்லை, வானியல் கருவிகளுக்காக. இந்த மாதிரி வளையங்களை அவருக்கு முன்பே இத்தாலியின் கார்டானோ விவரித்திருக்கிறார். அதனால்தான் ஐரோப்பாவின் பல நாடுகளில் இதைக் கார்டன் ஜாயின்ட் என்கிறார்கள். ஆனால் சுழற்சியைக் கடத்தும்போது இது எப்படி நடந்துகொள்கிறது என்று ஆராய்ந்தவர் ஹூக்.

அவர் கவனித்த குணம்தான் உங்க வண்டியை உதற வைக்குது. மூட்டு சாய்வாக இருந்தால், உள்ளே வரும் வேகம் சீராக இருந்தாலும் வெளியே போகும் வேகம் சீராக இருக்காது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை கூடும், இரண்டு முறை குறையும். 10 டிகிரி சாய்வில் இந்த ஏற்றத்தாழ்வு ஏறத்தாழ 1.5 சதவீதம்தான். 20 டிகிரியில் அது 6 சதவீதத்தைத் தாண்டிவிடும். கோணம் இரண்டு மடங்கு, தொல்லை நான்கு மடங்கு.

மருந்தையும் அவரே சொல்லிவிட்டார்: ஒன்றுக்கு இரண்டு மூட்டு போடு. நடுத்தண்டின் ரெண்டு முனையிலும் கவைகள் ஒரே தளத்தில் இருக்கணும், ரெண்டு மூட்டின் கோணமும் சமமாக இருக்கணும். அப்போது முதல் மூட்டு செய்யும் தப்பை ரெண்டாவது மூட்டு சரிக்கட்டும். உங்க பிக்கப்பின் புரொப்பெல்லர் ஷாஃப்ட் அப்படித்தான் இருக்கு. நீங்க வண்டியை உயர்த்தினதும் ரெண்டு கோணமும் கூடிவிட்டன. நீளமான ஷேக்கிள் போட்டு உயர்த்தியிருந்தால் ஆக்சிலும் கொஞ்சம் திரும்பியிருக்கும், கோணங்கள் சமமாகவும் இல்லை. அதுதான் உதறல். ஆக்சிலுக்கும் லீஃப் ஸ்பிரிங்குக்கும் நடுவே சரியான சாய்வில் ஆப்புத் தகடு வைத்துக் கோணத்தைத் திரும்பச் சமப்படுத்தினால் பெரும்பாலும் அடங்கிவிடும். கோணம் ரொம்பவே கூடிப்போனால் உயரத்தைக் குறைக்கிறதுதான் வழி.

நியூட்டனும் காலி இருக்கையும்

இவ்வளவு செய்தவரை ஏன் ஒரே ஒரு ஃபார்முலாவோடு நிறுத்திட்டோம்?

1672ல் இளைஞர் ஐசக் நியூட்டன் ஒளியைப் பற்றி எழுதிய கட்டுரையை ஹூக் கறாராக விமர்சித்தார். நியூட்டன் அதை மறக்கவில்லை. 1679ல் ஹூக் நியூட்டனுக்குக் கடிதம் எழுதி, கோள்களின் ஓட்டத்தை நேர்க்கோட்டு இயக்கமும் நடுவை நோக்கிய ஈர்ப்பும் சேர்ந்ததாகப் பார்க்கச் சொன்னார். அடுத்த ஜனவரியில், அந்த ஈர்ப்பு தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்ற எண்ணத்தையும் எழுதினார். 1684ல் ரென், ஹாலி, ஹூக் மூவரும் இதைப் பற்றிப் பேசினார்கள். நிரூபணம் தன்னிடம் இருப்பதாக ஹூக் சொன்னார். ரென் கொடுத்த கெடு முடிந்தும் அதைக் காட்டவில்லை. ஹாலி நியூட்டனிடம் போனார். 1687ல் பிரின்சிபியா வெளிவந்தது. ஹூக் தன் பங்குக்கு அங்கீகாரம் கேட்டதில் எரிச்சலான நியூட்டன், கையெழுத்துப் பிரதியில் ஹூக்கின் பேர் இருந்த பல இடங்களை அடித்துவிட்டார். அதே வருஷம் ஹூக்கின் வீட்டில் வளர்ந்த அண்ணன் மகள் கிரேஸும் இறந்துபோனாள். அதற்குப் பிறகு அவர் பழைய மனிதராக இல்லை.

நேர்மையாகச் சொல்லணும்னா, ஹூக்கை வெறும் அப்பாவியாகக் காட்டவும் முடியாது. சந்தேகக்காரர், சிடுசிடுப்புக்காரர். யார் எதைக் கண்டுபிடித்தாலும் அதைத் தான் முன்பே யோசித்ததாகச் சொல்லும் வழக்கம் இருந்தது. பல நேரம் அது உண்மைதான். ஆனால் யோசனைக்கும் நிரூபணத்துக்கும் நடுவே இருக்கும் நீண்ட சலிப்பான வேலையை நியூட்டன்தான் செய்தார். ஹூக்குக்கு அடுத்த வாரக் கூட்டத்துக்கான சோதனை காத்திருந்தது, அளக்க வேண்டிய நிலம் காத்திருந்தது.

1703 மார்ச்சில், தான் பல வருஷம் பாடம் நடத்திய கிரெஷாம் கல்லூரி அறையில் ஹூக் இறந்தார். ஏழை மாதிரி வாழ்ந்தவரின் அறையில் இருந்த இரும்புப் பெட்டியில் 8000 பவுண்டுக்கும் மேல் பணம் இருந்தது. அந்த வருஷக் கடைசியிலேயே நியூட்டன் ராயல் சொசைட்டியின் தலைவர் ஆனார். ஹூக்கின் ஓவியம் ஒன்று அங்கே இருந்ததாகவும் பிறகு தொலைந்ததாகவும் சொல்கிறார்கள். நியூட்டனே அழித்தார் என்பதற்கு ஆதாரம் கிடையாது. அவரைப் பார்த்து வரைந்த படம் என்று உறுதியாகச் சொல்ல இன்று ஒன்றுகூட இல்லை. புதைத்த தேவாலயத்திலும் எலும்புகளை 19ஆம் நூற்றாண்டில் இடம் மாற்றியதால் கல்லறையும் இல்லை. 2006ல் ஒரு வீட்டு அலமாரியில் அவர் கைப்பட எழுதிய ராயல் சொசைட்டிக் குறிப்புகள் 500 பக்கத்துக்கும் மேல் கிடைத்தன. ராயல் சொசைட்டி ஏறத்தாழ 10 லட்சம் பவுண்டு கொடுத்து அதை மீட்டது.

நண்பர்களே, ஃபைனல் இயர் புராஜெக்ட் ஆரம்பிக்கப் போகும் நேரம் இது. ஒவ்வொரு குழுவிலும் ஒரு ஹூக் இருப்பான். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு லேத் பக்கத்தில் நின்னு எல்லாத்தையும் ஓட வைப்பான், ரிப்போர்ட்டில் மட்டும் அவன் பேர் கடைசியில் வரும். அவன் உங்க நண்பனா இருந்தா, பேரை முன்னாடி எழுதுங்க. அது நீங்களா இருந்தா, புதிர் போட்டு ஒளிச்சு வைக்காம, செய்ததை அன்னன்னைக்குத் தேதி போட்டுத் தெளிவா எழுதி வைங்க. ஆரம்பிச்சதைக் கடைசிவரை முடிங்க.

அப்புறம், எப்பவாவது ஒரு பிக்கப்புக்கு அடியில் படுக்க நேர்ந்தா, யூ போல்ட்டை முறுக்குறதுக்கு முன்னாடி ரெண்டு மூட்டின் கோணத்தையும் ஒருமுறை அளந்து பாருங்க. அந்தப் பெரியவருக்குச் சிலை வைக்க நம்மால் முடியாது. அவர் சொன்னதைச் சரியா செய்ய முடியும் இல்லையா?